வடவள்ளி வீடு குழு: பத்மினியில் பாட்டு

*திங்கள், இரவு*

கார்த்தி: அப்பா, கல்யாணத்துக்கு அரவிந்த் நம் பழைய பத்மினி காரில்தான் மண்டபத்துக்கு வரப்போகிறான். பொள்ளாச்சி வரைக்கும் பாட்டு இல்லாமல் எப்படி? என் பழைய ஐபாடை அந்த ரேடியோவோடு இணைத்துவிடட்டுமா?

அப்பா: ரேடியோவில் கை வைக்காதே.

அரவிந்த்: மாமா, ப்ளீஸ் மாமா 🙏

கார்த்தி: கையே வைக்க வேண்டாம்பா. எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். ஐபாடின் அடியில் செருகிக்கொள்ளும். பாட்டை 88.5-இல் அனுப்பும், ரேடியோவில் 88.5 வைத்தால் கேட்கும்.

அப்பா: வைத்துப் பார்.

கார்த்தி: வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். டயலில் 88 எங்கே என்றே தெரியவில்லை. 55, 60, 70, 80, 100, 120, 140, 160. இவ்வளவுதான். 80-க்கும் 100-க்கும் நடுவில் நிறுத்தினால் கொர்ர் என்கிறது.

கார்த்தி: 📷 படம்

துரை மாமா: கண்ணு, அது எஃப்எம் செட் இல்லை. மீடியம் வேவ். அந்த எண்கள் ஒவ்வொன்றோடும் ஒரு சைபர் சேர்த்துப் படி. 550 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து 1600-இல் முடிகிறது. உன் டிரான்ஸ்மிட்டர் 88 மெகாஹெர்ட்ஸ், அதாவது 88,000 கிலோஹெர்ட்ஸ். முள்ளை எவ்வளவு திருகினாலும் அங்கே போகாது. போனாலும் புரியாது. இந்த செட்டுக்கு ஏஎம் மட்டும்தான் தெரியும்.

நித்யா அக்கா: எத்தனை ரூபாய்டா அந்த டிரான்ஸ்மிட்டர்?

கார்த்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா அக்கா: 😂😂

சரோஜா அத்தை: யாராவது வாழைமரத்துக்குச் சொல்லிவிட்டீர்களா? இங்கே நான் ஒருத்தியாகப் பத்திரிகைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். இவர் போனைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார்.

துரை மாமா: வாழைமரம் சொல்லியாச்சு.

நித்யா அக்கா: பின் சீட்டில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு பாடு?

அப்பா: நித்யா சொல்வதுதான் சரி.

அரவிந்த்: அக்கா, அதற்கு வாடகைக் காரிலேயே போய்விடலாமே. டயலில் பச்சை விளக்கு எரிய, தாத்தா ரேடியோவிலிருந்து பாட்டு வர வேண்டும். அதுதான் ஆசை.

அப்பா: அந்த செட் உன் தாத்தா முதல் ஃபியட்டுக்கு வாங்கியது. அந்த வண்டியை விற்றபோது செட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு பத்மினியில் மாட்டினார். லைசென்ஸ் புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டி முத்திரை வாங்குவார். காரில் ரேடியோ கேட்கவே லைசென்ஸ் வேண்டும் அப்போது.

கார்த்தி: மாமா, நெட்டில் இன்னொரு வழி போட்டிருக்கிறான். 1 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர் ஒன்று வாங்கி, அதில் பாட்டைக் கொடுத்தால் குட்டி ஏஎம் நிலையம் மாதிரி வேலை செய்யுமாம். ரேடியோவைத் திறக்கவே வேண்டாமாம்.

துரை மாமா: செய்யும். நாங்களே பழகும்போது செய்து பார்த்திருக்கிறோம். ஆனால் 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1000 கிலோஹெர்ட்ஸ். கோவை வானொலி எதில் வருகிறது?

அப்பா: 999.

துரை மாமா: அதேதான். இரண்டுக்கும் ஒரே ஒரு கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். அந்த வித்தியாசம் ஸ்பீக்கரில் ஆயிரம் ஹெர்ட்ஸ் விசிலாக வரும். மாப்பிள்ளை அழைப்புக்குக் கிணத்துக்கடவு தாண்டியும் விசில் அடித்துக்கொண்டே போகலாம்.

அரவிந்த்: 😂 வேண்டாம்பா

கார்த்தி: திருச்சியில் இருந்தால்?

துரை மாமா: திருச்சி 936, மதுரை 1269. அங்கே விசில் தொல்லை குறைவு. ஏரியலைக் கழற்றிவிட்டு அந்தப் பெட்டியை நேராக ஏரியல் குழியில் செருகினால் இங்கேகூடச் சமாளிக்கலாம். ஆனால் அந்த வழியில் பாட்டு நன்றாக இருக்காது. மீடியம் வேவ் செட் ஓரளவுக்கு மேல் உள்ள கீச்சுச் சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடும். சலங்கை, தாளம் எல்லாம் மொண்ணையாகக் கேட்கும்.

*செவ்வாய், காலை*

சரோஜா அத்தை: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

துரை மாமா: கார்த்தி, ராத்திரி யோசித்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

துரை மாமா: ரேடியோ செட்டில் இரண்டு பாதி உண்டு. முன் பாதி காற்றிலிருந்து நிலையத்தைப் பிடித்து, அதிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்கும். பின் பாதி அந்தப் பாட்டைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். உனக்கு முன் பாதி தேவையே இல்லை, பாட்டு ஐபாடில் இருக்கிறது. பின் பாதி மட்டும் போதும். இரண்டும் சந்திக்கிற இடம் வால்யூம் கண்ட்ரோல். அங்கே நுழைந்தால் வேலை முடிந்தது. வடிகட்டுகிற இடத்தைத் தாண்டிப் போய்விடுவதால் அந்த செட்டில் இதுவரை யாரும் கேட்காத அளவுக்குத் தெளிவாகக் கேட்கும்.

அப்பா: மாப்பிள்ளை, அதற்கு செட்டைத் திறக்க வேண்டுமே.

துரை மாமா: மேல் மூடியை மட்டும்தான் மச்சான். ஒரே ஒரு ஒயரைத்தான் எடுப்போம், அதையும் எப்போது வேண்டுமானாலும் பழையபடி பற்றவைத்துக்கொள்ளலாம். டாஷ்போர்டில் ஒரு ஓட்டைகூடப் போடமாட்டோம். என் பொறுப்பு.

அப்பா: நீங்கள் கூட இருந்தால் திறக்கட்டும். இவன் தனியாகத் தொடக் கூடாது.

கார்த்தி: 🕺

சரோஜா அத்தை: கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்கூட இல்லை. மாப்பிள்ளையின் அப்பா காருக்கடியில் படுத்திருக்கப் போகிறாராம்.

துரை மாமா: அடியில் இல்லை சரோ, சீட்டில் உட்கார்ந்துதான்.

துரை மாமா: கார்த்தி, காந்திபுரம் போனால் இதையெல்லாம் வாங்கிவிடு. 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ இ.பி. சாக்கெட் (இயர்போன் செருகுவது) ஒன்று. சின்ன ஸ்லைடு சுவிட்ச், மூன்று கால் உள்ளது. 1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு. 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர், பாலியெஸ்டர் என்று கேள், ப்ளஸ் மைனஸ் பார்க்க வேண்டியிருக்காது. ஷீல்டு ஒயர் இரண்டு மீட்டர். சாதா ஒயர் வேண்டாம், எஞ்சின் சத்தமெல்லாம் அதில் ஏறிவிடும்.

நித்யா அக்கா: ரெசிஸ்டர் எதற்கு இரண்டு, மாமா?

துரை மாமா: ஐபாடில் இடது, வலது என்று இரண்டு பாட்டு. செட்டில் ஒரே ஒரு ஸ்பீக்கர். இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட்டால் ஐபாடின் இரண்டு ஆம்ப்ளிபையரும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். நடுவில் ஆளுக்கொரு ரெசிஸ்டர் போட்டுச் சேர்த்தால் சண்டை வராது.

நித்யா அக்கா: கண்டென்சர் டிசியை, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட்டைத் தடுக்க, இல்லையா?

துரை மாமா: ஆமாம். வால்யூம் கண்ட்ரோலில் செட்டின் டிசி வோல்டேஜ் கொஞ்சம் நிற்கலாம். அது ஐபாடுக்குள் போகக் கூடாது.

கார்த்தி: பேட்டரியில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

துரை மாமா: நல்ல கேள்வி. முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். எந்த முனை வண்டியின் பாடிக்குப் போகிறது என்று பார்த்துச் சொல்.

கார்த்தி: மைனஸ்.

துரை மாமா: சரி. பத்மினியில் அப்படித்தான் இருக்கும். பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் ப்ளஸ்தான் பாடியில். அந்த மாதிரி வண்டியில் ஐபாடை செட்டிலும் சார்ஜரிலும் ஒரே நேரத்தில் செருகினால் நடுவில் உள்ள மெல்லிய ஒயர் புகைந்துவிடும். பாவம், ஐபாடும் போகும். உன் நண்பர்கள் யாராவது இதே வேலையைச் செய்தால் இதை முதலில் சொல்லு.

*வியாழன், மாலை*

கார்த்தி: 📷 படம்

கார்த்தி: திறந்தாச்சு. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான்.

அரவிந்த்: உள்ளே இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே!

கார்த்தி: பட்டன் ஐந்துக்கும் பின்னால் தகடு தகடாக ஒரு பொறி இருக்கிறது. பட்டனை வெளியே இழுத்து, பிறகு முழுசாக உள்ளே அழுத்தினால் முள் அப்போது நிற்கிற நிலையம் அந்தப் பட்டனில் பதிந்துவிடுமாம். மாமா காட்டினார். கரண்ட்டே இல்லாத மெமரி! 😮

அப்பா: இடது ஓரப் பட்டன் கோவை. அதைக் கலைக்காதே.

துரை மாமா: கலைக்கவில்லை மச்சான். இப்போது வேலை. வால்யூம் கண்ட்ரோலுக்கு மூன்று கால். ஒரு ஓரம் எர்த். நடுக்கால் ஆம்ப்ளிபையருக்கு. இன்னொரு ஓரத்தில்தான் நிலையத்தின் பாட்டு வந்து சேர்கிறது. அந்த ஓரத்து ஒயரை எடுத்து ஸ்லைடு சுவிட்சின் ஒரு பக்கத்தில் கொடுத்தாச்சு. ஐபாட் பாட்டு மறு பக்கத்தில். சுவிட்சின் நடுக்காலிலிருந்து ஒயர் திரும்ப வால்யூமுக்கு. இப்படித் தள்ளினால் ரேடியோ, அப்படித் தள்ளினால் ஐபாட். ரேடியோ பக்கத்தில் கண்டென்சர், ரெசிஸ்டர் எதுவும் குறுக்கே இல்லை.

நித்யா அக்கா: சுவிட்ச் எங்கே, மாமா? ஓட்டை போடவில்லை என்றால்?

கார்த்தி: என் பழைய சோப்பு டப்பாவில் 😎 சுவிட்ச், சாக்கெட் இரண்டும் அதற்குள். டாஷ்போர்டுக்கு அடியில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டியாச்சு. வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

கார்த்தி: ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை செட்டைப் போட்டுப் பார்க்கலாமா என்றேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

துரை மாமா: பின்னே? ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அந்த டிரான்சிஸ்டரை இப்போது எங்கே போய்த் தேடுவது?

சரோஜா அத்தை: இரண்டு பேரும் சாப்பிட வருகிறீர்களா இல்லையா? அண்ணி ராகிக் களி செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். எனக்கு போன் செய்துவிட்டார்.

*வியாழன், இரவு*

கார்த்தி: 🎤 குரல் பதிவு 0:48

அரவிந்த்: டேய்!! பாடுதுடா!!

நித்யா அக்கா: சூப்பர். ஆனால் பாஸ் (கனமான அடிச் சத்தம்) வரும்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்கிறதே?

கார்த்தி: ஸ்பீக்கர் கோனில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். இவ்வளவு நாளாகச் செய்தி மட்டுமே கேட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

துரை மாமா: டிஷ்யூ பேப்பரில் ஒரு சின்னத் துண்டு கிழித்து, வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும். ஓரம் நூல் நூலாக இருந்தால்தான் கோனோடு ஒன்றாகும். காலையில் காய்ந்துவிடும்.

அப்பா: புது ஸ்பீக்கர் போட்டால் என்ன?

துரை மாமா: அளவு சரியாக இருந்தாலும் ஓம் வேறாக இருந்தால் மறுபடி அவுட்புட்டுக்கு ஆபத்து மச்சான். இதுவே போதும். சத்தத்தைத்தான் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். ஐபாடில் முக்கால் பங்கு வைத்துக்கொண்டு, மீதியை ரேடியோ குமிழில் கூட்டிக் குறைக்கட்டும்.

*வெள்ளி, காலை*

கார்த்தி: பேட்ச் பிடித்துக்கொண்டது, கரகரப்பு போய்விட்டது. ஆனால் புதுப் பிரச்சினை. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கொசு மாதிரி ஒரு ஙொய்ங். ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது.

நித்யா அக்கா: ஐபாட் சார்ஜில் இருக்கிறதா?

கார்த்தி: ஆமாம். 12 வோல்ட்டில் ஓடுகிற யுஎஸ்பி சார்ஜர், பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்துப் போட்டேன்.

நித்யா அக்கா: அதைப் பிடுங்கிவிட்டுச் சொல்.

கார்த்தி: போயே போச்சு!! எப்படி அக்கா?

நித்யா அக்கா: கிரவுண்ட் லூப். சார்ஜர் வழியாக ஒரு எர்த், பாட்டு ஒயர் வழியாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் டைனமோவின் சத்தம் ஓடுகிறது. சார்ஜிலேயே ஓட்ட வேண்டும் என்றால் இரண்டு எர்த்தையும் பிரிக்கப் பாட்டு ஒயரில் 600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். உனக்கு எதற்கு? முதல் நாள் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போ.

துரை மாமா: நித்யா சொன்னது சரி. இன்னும் டக் டக் என்று கேட்டால் அது ஸ்பார்க் பிளக். இக்னிஷன் காயிலின் ப்ளஸ் முனையில் ஒரு சப்ரஸர் கண்டென்சர் போட்டால் அடங்கும். இப்போது கேட்கவில்லை, விட்டுவிடு.

அப்பா: ரேடியோ பக்கம் சுவிட்சைத் தள்ளினால் கோவை வருகிறதா?

கார்த்தி: வருகிறது அப்பா. இடது ஓரப் பட்டன், நாட்டுப்புறப் பாடல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பா: சரி.

அரவிந்த்: மாமாவிடமிருந்து "சரி" வந்துவிட்டது. எழுதி வையுங்கள்.

சரோஜா அத்தை: பாட்டுப் பட்டியலை நான்தான் கொடுப்பேன். அரவிந்த் கொடுத்தால் ஊர் சிரிக்கும். அண்ணா, பூ அலங்காரம் செய்கிறவர் கேட்கிறார், ஏரியல் கம்பியைச் சுற்றி மல்லிகைச் சரம் சுற்றலாமா என்று.

துரை மாமா: சுற்றட்டும். ஐபாடுக்கு ஏரியல் தேவையில்லை.

அப்பா: சுற்றக் கூடாது. கம்பி வளைந்துவிடும். வரும்போது எனக்குச் செய்தி கேட்க வேண்டும்.