கலைச்சொல்: 'கலப்பெண் சுருதி' சரிப்படுமா? 'சுரமுள்' எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்வரங்களைக் கலப்பெண்களாக (complex numbers) காட்டிச் சுருதி அமைக்கும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையை நேற்றிரவுதான் முழுசாகப் படித்தேன். தம்பி முன்வைத்த 'கலப்பெண் சுருதி' எனக்கு ஒப்பவில்லை. வீணைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், இரண்டு சுருதியைப் போட்டுக் கலந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். ஒரு ஸ்தாயியை 360 பாகை வட்டமாக வளைக்கிறோம். கீழ் ச 0 பாகையில். மேல் ச ஒரு சுற்று வந்து அதே இடத்தில் நிற்கும். ஆக, ஒவ்வொரு ஸ்வரமும் மட்டு (நீளம்) 1 உள்ள ஒரு கலப்பெண், கடிகார முள் போல. ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள விகிதத்தைப் பெருக்கினால் கோணம் கூடுகிறது, அவ்வளவுதான். கீபோர்டின் 12 கட்டைகளும் 1-இன் 12-ஆம் படி மூலங்கள், 30 பாகைக்கு ஒன்று. ஆபிரகாம் பண்டிதர் வாதாடிய 24 சம சுருதி என்றால் 15 பாகைக்கு ஒன்று.

காதுக்குச் சுத்தமான ப, அதாவது ச-வின் அதிர்வெண்ணைப் போல் 3/2 மடங்கு, நிற்பது 210.59 பாகையில். கீபோர்டில் 210. அரைப் பாகைதானே என்று விடமுடியாது. அதே ப-வை 12 முறை அடுக்கினால் ச-வைத் தாண்டி 7.04 பாகை போய் நிற்கிறது. பித்தாகரஸ் கமா என்பது இந்தத் துண்டுதான். எத்தனை முறை அடுக்கினாலும் இந்த முள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாது.

இனி, ஸ்தாயியை 12 அல்லாத சம கூறுகளாகவும் பிரித்துப் பார்க்கும் சோதனைக்காரர்கள் செய்வது. வட்டத்தை மாற்றிக்கொள்கிறார்கள்: ஒரு சுற்று என்பது ஸ்தாயி இல்லை, ஒரு படி, அதாவது ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டை. அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்கு ஒலிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முள். உச்சியில் நின்றால் அந்த ஒலி சரியாகக் கட்டையில் விழுகிறது என்று அர்த்தம். 12 கூறில் 3-இன் முள் 7 பாகைதான் விலகுகிறது, 5-இன் முள்ளோ 49 பாகை. 31 கூறில் 5-உம் 7-உம் ஏறக்குறைய 10 பாகைக்குள் வந்துவிடும், 3 மட்டும் 48 பாகை தள்ளி. 53-இல் 3 ஏறக்குறைய 1 பாகை. 11 கூறில் 3-இன் முள் 156 பாகை, கிட்டத்தட்ட எதிர்த்திசை! 1, 2, 3 என்று எல்லா முழு எண்ணுக்கும் முள் வைத்து, எண் பெரிதாக ஆக முள்ளைக் குட்டையாக்கிக் கூட்டினால் வருவது ரீமன் ஜீட்டா சார்பு (பகா எண் ஆய்வில் புகழ்பெற்ற சார்பு). முள்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் அது எகிறும். அப்படி எகிறும் இடங்களில் 12, 19, 31, 53 எல்லாம் இருக்கின்றன. ஜீன் வார்டு ஸ்மித் என்ற கணிதக்காரர் இதை விரித்துக் காட்டினார். எனக்கு இதைவிட அழகான கணக்கு இசையில் தெரியாது.

இழையில் வந்த மற்றச் சொற்கள்:

பண்ணல். யாழுக்குச் சுருதி கூட்டுவதன் பழம்பெயர், அருமையான சொல். ஆனால் இன்று 'கால் பண்ணல்' என்று காதில் விழுந்துவிடுகிறதே.

வட்டப்பாலை. 12 இராசி வட்டத்தில் நரம்புகளை வைப்பது. அது பண்ணுப்பெயர்த்தலுக்கு (ஆதார நரம்பை மாற்றிப் புதுப் பண் பிறப்பிப்பதற்கு) உரிய முறை, அதற்கே இருக்கட்டும்.

வீச்சு. இது ஆபத்து. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வீச்சு என்றால் கோணம், இயற்பியலில் அலையின் உயரம். 'வீச்சு கூடியது' என்றால் ஸ்வரம் ஏறியதா, சத்தம் ஏறியதா? இசைக் கட்டுரையில் கோணம் என்றே எழுதுங்கள்.

ஆகவே என் பரிந்துரை, அந்த மட்டு 1 கலப்பெண்ணுக்கு 'சுரமுள்'. கடிகார முள்ளை யாருக்கும் விளக்க வேண்டாம். முறைக்குத் தனிப்பெயர் தேவையில்லை, 'முள்வழிச் சுருதியமைப்பு' போதும்.

—

ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். எங்களுக்கு அது சிக்கலெண், கலப்பெண் இல்லை. பெயரில் எண்ணைத் தவிர்த்தது அதனால் நல்லதாய்ப் போச்சு. ஆனால் எங்கட வீட்டில் மணிக்கூட்டுக்குக் கம்பி எண்டுதான் சொல்லுவம், முள் இல்லை.

—

அம்மா, கம்பி என்று வைத்தால் வீணையின் கம்பியோடு மோதிக்கொள்ளுமே! முள்ளையே வைத்துக்கொள்வோம். பட்டியலில் 'கலப்பெண் / சிக்கலெண்' இரண்டையும் அருகருகே போட்டுவிடுகிறேன். தம்பி, 'சுரமுள்' என்று எழுதும்போது பேச்சு வழக்குப்படி 'சுரமுள்ளு' என்று உகரம் சேர்த்துவிடாதீர்கள்.