கிளீனர் ஓட்டிய பிறகு ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, .எம்எஸ்ஐ கேட்கிறது (விண்டோஸ் 10)

ஏற்காடு_தோட்டம்:
எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டதால், இலவச கிளீனர் ஒன்றில் எல்லா டிக்கும் போட்டு ஓட்டினோம், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளைப் பதிந்துவைக்கும் இடம்) சுத்தமும் சேர்த்து. 9 ஜிபி கிடைத்தது. இப்போது ஸ்டார்ட் மெனு திறப்பதில்லை. கணக்கு மென்பொருளை அப்டேட் செய்தாலும் நீக்கப் பார்த்தாலும் ஏதோ .எம்எஸ்ஐ ஃபைலைக் கேட்கிறது. டவுன்லோட்ஸில் இருந்த கூலிப் பட்டியலும் போச்சு. பழைய ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ராம். ஃபார்மட் தவிர வழி உண்டா?

செவ்வாப்பேட்டை:
உண்டு சார். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் கூலிப் பட்டியல். மெஷினை ஆஃப் செய்துவிடுங்கள். விண்டோஸ் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அழிந்த ஃபைலின் மேல் எதையாவது எழுதிவிடக்கூடும். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். மீண்டதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். எஸ்எஸ்டியாக இருந்தால் டிரிம் (அழித்த ஃபைலின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் கட்டளை) இதற்குள் துடைத்திருக்கும். ஹார்ட் டிஸ்க் என்பதால் நம்பிக்கை உண்டு.

.எம்எஸ்ஐ (மென்பொருளை நிறுவும் ஃபைல்) சங்கதி: விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்த ஃபோல்டர் இருக்கிறது. பெயர் புரியாத ஃபைல்களைப் பார்த்துக் கிளீனர் குப்பை என்று நினைத்துவிடும். அப்டேட்டுக்கும் நீக்கத்துக்கும் விண்டோஸ் தேடுவது அவற்றைத்தான். கணக்கு டேட்டாவை நகலெடுத்துவிட்டு, இப்போது இருக்கும் அதே வெர்ஷனின் செட்டப்பை ஓட்டி ரிப்பேர் கொடுங்கள். புது வெர்ஷன் செட்டப் இதற்கு உதவாது.

அஸ்தம்பட்டி:
ஸ்டார்ட் மெனுவுக்கு: கிளீனர் எடுத்துவைத்த .ரெக் பேக்கப் (ரெஜிஸ்ட்ரியின் நகல்) இருந்தால் அதை டபுள் கிளிக் செய்து சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் சிஸ்டம் ரெஸ்டோர் (விண்டோஸை முந்தைய தேதியின் நிலைக்குத் திருப்புவது). அதுவும் இல்லையென்றால் அட்மின் கமாண்டில் டிஐஎஸ்எம் 'ரெஸ்டோர்ஹெல்த்' (விண்டோஸின் ஃபைல் கிடங்கைச் சரிசெய்வது), அது முடிந்த பிறகே எஸ்எஃப்சி 'ஸ்கேன்நவ்' (கெட்ட சிஸ்டம் ஃபைல்களை மாற்றுவது). எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது டிஐஎஸ்எம் சரிசெய்யும் கிடங்கிலிருந்து. டிஐஎஸ்எம் நெட்டிலிருந்து இறக்கும். ஏற்காடு மலையில் நெட் சிக்னல் மந்தமானால் பாதியில் நிற்கும். சேலத்தில் விண்டோஸ் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவும் டிஸ்க்கின் முழு நகல்) 8 ஜிபி பென்டிரைவில் எடுத்துப்போய், நெட்டுக்குப் பதில் அதையே 'சோர்ஸ்' என்று கொடுத்து டிஐஎஸ்எம் ஓட்டுங்கள்.

இடம் வேண்டுமென்றால் ஹைபர்னேஷனை (ராமில் இருப்பதை டிஸ்க்கில் வைத்துவிட்டு ஆஃப் ஆகும் வசதி) அணைத்தாலே 8 ஜிபி ராமுக்குச் சுமார் 3 ஜிபி வரும். விண்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை (மேலே சொன்ன கிடங்கு அதுதான்) கையால் தொடாதீர்கள். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் தெரிவதால் அளவு பெரிதாகக் காட்டும், அவ்வளவே.

ஏற்காடு_தோட்டம்:
டிஸ்க்கைக் கழற்றியாச்சு. அதற்கு முன் பார்த்தது: ப்ரோ, 22எச்2, 64 பிட். ஐஎஸ்ஓவும் அதேதானே?

அஸ்தம்பட்டி:
அதேதான். மொழியும் ஒத்துப்போக வேண்டும். ஐஎஸ்ஓவுக்குள் ஹோம், ப்ரோ எல்லாம் இருக்கும். அதில் ப்ரோவுக்கு உரிய இண்டெக்ஸ் எண்ணைப் பார்த்து 'சோர்ஸ்' உடன் கொடுங்கள்.