மிருகம் பாய்வதற்கு முந்தைய அரை நிமிடம்: பட்டவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

காட்டுவழி:

விலங்கு தாக்கிய கதைகளில் பாதிக்கு மேல், எங்கிருந்தோ திடீரென்று பாய்ந்து வந்தது என்றுதான் ஆரம்பிக்கும். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பெரும்பாலான மிருகங்கள் எச்சரித்துவிட்டுத்தான் வருகின்றன, நாம் கவனிக்காமல் இருந்திருப்போம், அல்லது போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருப்போம். அதனால் அடிபட்ட கதையை மட்டும் எழுதாமல், அதற்கு முந்தைய அரை நிமிடம் அந்த மிருகம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். யாரோ ஃபார்வர்ட் செய்தது எல்லாம் வேண்டாம். உங்களுக்கோ வீட்டாருக்கோ நடந்தது, இல்லையென்றால் ஒழுங்காகப் பதிவான சம்பவம், இரண்டில் ஒன்று.

என்னுடையது யானை. காட்டு ரோட்டில் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் ஓரமாக ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்குக் கீழே குட்டி. டிரைவர் உடனே வண்டியை நிறுத்தினார், ஆனால் என்ஜினை அணைக்கவில்லை. யானை எங்களைப் பார்க்காத மாதிரியே நின்றது. புல்லைப் பிடுங்கியது, முட்டியில் தட்டியது, வாயில் வைக்காமல் கீழே போட்டது, மறுபடி பிடுங்கியது. ஒரு முன்னங்கால் மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டே இருந்தது. பின் சீட்டில் இருந்தவர் "பாவம், அது பாட்டுக்கு மேய்கிறது" என்றார். அது மேயவே இல்லை, வாய் அசையவே இல்லையே! விரட்டுவதா விலகுவதா என்று தவிக்கும் யானை இப்படித்தான் நேரம் கடத்தும் என்று டிரைவர் அப்புறம் சொன்னார். அடுத்த நொடி தலையை உயர்த்தி, காதுகளை விரித்து, ஒரு பிளிறல் பிளிறிக்கொண்டு நேராக ஓடி வந்தது. பானெட்டுக்குச் சில அடி தள்ளி நின்றுவிட்டது, அது கிளப்பிய புழுதி மட்டும் நிற்காமல் எங்கள் மேல் வந்து விழுந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, லைட் போடவில்லை, மெதுவாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே போனார், அதுவும் பின்தொடரவில்லை.

காதை விரித்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு வருவது பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னால் ஒட்டவைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் அது மிரட்டல் இல்லை. ஆனால் ஒன்று, மிரட்ட வந்த யானை பாதி வழியில் மனம் மாறவும் செய்யும், அதனால் இது பொய்ப் பாய்ச்சல்தான் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வீரம் எல்லாம் வேண்டாம். ஆண் யானை என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரமாக மதநீர் வழிந்த கோடு, பின்னங்கால்களில் சொட்டிக்கொண்டே இருக்கும் சிறுநீர். இரண்டும் இருந்தால் அங்கே ஆராய்ச்சி எதற்கு, கிளம்பிவிட வேண்டியதுதான்.

நீரோட்டம்:

முதலை விஷயத்தில் உங்கள் கட்சி தோற்றுவிடும் அண்ணா. பதிவானதில் நான் படித்தவற்றிலேயே தெளிவானது வால் பிளம்வுட் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞருக்கு நடந்ததுதான். 1985 பிப்ரவரி, ககாடு தேசியப் பூங்கா, மழைக்காலம். தனியாகச் சின்னப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார். முன்னால் ஒரு கட்டை மிதப்பது தெரிகிறது. கிட்டே போனதும் கட்டைக்குக் கண் இருக்கிறது. அப்போதும் அவர் பெரிதாகப் பயப்படவில்லை, படகில் இருக்கும்வரை ஆபத்தில்லை என்றுதான் நினைத்திருக்கிறார். அது படகையே மோத ஆரம்பித்தது, திரும்பத் திரும்ப. கரையோர மரக்கிளையைப் பிடித்துத் தாவப் பார்த்தார், தண்ணீரிலிருந்து எழும்பிக் கால்களுக்கு நடுவே கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது.

முதலை இரையை மெல்லாது, மெல்லவும் முடியாது. கவ்வியபடியே உடம்போடு சேர்த்து நீருக்குள் சுழலும், மூச்சு முட்டிச் சாகும்வரை. அவரை அப்படி மூன்று முறை சுழற்றியது. நடுவில் பிடி தளர்ந்தபோது மறுபடியும் அதே கிளைக்குத் தாவினார், இந்த முறை தொடையில் பிடித்தது. கடைசியில் விடுபட்டு வழுக்கும் சேற்றுக் கரையில் விரல்களை ஆழமாகக் குத்திக் குத்தி மேலே ஏறியிருக்கிறார். தொடை கிழிந்து தொங்குகிறது. அந்த நிலையிலும் நடந்தும், நடக்க முடியாமல் போனதும் தவழ்ந்தும் போயிருக்கிறார். இருட்டிய பிறகுதான் ரேஞ்சர் கண்டுபிடித்தார். பிழைத்து வந்ததும் அந்த முதலையைச் சுடக்கூடாது என்று வாதாடினார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அந்த மிதக்கும் கட்டையை எச்சரிக்கை என்று சொல்வீர்களா? அது எச்சரிக்கை இல்லை, குறி பார்ப்பது. யானை நம்மை விலகச் சொல்கிறது, முதலைக்கு நாம் விலகவே கூடாது.

பனங்காடு:

நீரோட்டம் சொல்வது சரி. முதலை நம் பழக்கத்தைக் கவனிக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலை உள்ள ஆற்றில் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தண்ணீர் எடுக்கவோ தூண்டில் போடவோ கூடாது என்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதை கரடி. என் பெரியப்பா விடிந்தும் விடியாத நேரத்தில் காட்டுப் பாதையில் நடந்து போயிருக்கிறார். ஒரு பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புஸ்புஸ் என்று ஊதுவதும் உறிஞ்சுவதுமாக ஒரு சத்தம். யாரோ பம்பு வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாராம். கரடி, கறையான் புற்றுக்குள் முகத்தை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதற்குப் பார்வையும் செவியும் அத்தனை கூர்மை இல்லை, போதாக்குறைக்கு அது போடும் சத்தம் வேறு, அதனால் பெரியப்பா பக்கத்தில் வரும்வரை அதற்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது. நாலு காலில் ஓடி வந்து, எதிரே வந்ததும் எழுந்து நின்று, முகத்தில் ஒரு அறை.

கரடி அடித்தால் தலை, முகம் இரண்டையும்தான் கிழிக்கும். பெரியப்பா குப்புற விழுந்து இரண்டு கையையும் பிடரியில் கோர்த்துக்கொண்டார். முழங்கைக்குக் கீழே கடித்தது, உச்சந்தலையில் நகம் இறங்கியது, ஒரு நிமிடம்கூட இருக்காது, போய்விட்டது. கிழிந்து தொங்கிய தலைத்தோலைத் தன் துண்டாலேயே அழுத்திக் கட்டிக்கொண்டு நடந்தே ரோட்டுக்கு வந்தார். வலது கண் இமை இன்றும் முழுசாக மூடாது, தூங்கும்போது பார்த்தால் சின்னப் பிள்ளைகள் பயப்படும். அவர் அதைச் சொல்லும்போது வலியைப் பற்றிப் பேசவே மாட்டார், அந்த வாசனையைத்தான் சொல்வார். ஈரச் சாக்கும் அழுகின பழமும் கலந்த ஒரு நாற்றம், அது வாரக்கணக்கில் மூக்கை விட்டுப் போகவில்லை என்பார்.

கேள்விக்குறி:

அப்போ கரடி வந்தால் குப்புறப் படுத்துவிடலாமா? எல்லாக் கரடிக்கும் இதேதானா?

இரவாடி:

இல்லவே இல்லை, இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிர் போய்விடும். பயந்துபோய் அடிக்கும் கரடிக்குத்தான் படுப்பது. குட்டியோடு இருக்கும் கிரிஸ்லி (வட அமெரிக்கப் பழுப்புக் கரடி), பனங்காடு சொன்ன மாதிரி எதிர்பாராமல் முட்டிக்கொண்ட கரடி, இவற்றுக்கு நம்மிடமிருந்து ஆபத்து இல்லை என்று தோன்றினால் போதும், விட்டுவிடும். பை மாட்டியிருந்தால் கழற்றாமல் குப்புறப் படுத்து, புரட்டிவிட முடியாதபடி கால்களை அகட்டிக்கொண்டு, பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் நம்மைப் பின்தொடர்ந்து வருகிற கரடி, ராத்திரி கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வருகிற கரடி, அமெரிக்கக் கருங்கரடி, இவற்றிடம் படுத்தால் அவ்வளவுதான். கல், கட்டை, கையில் எது கிடைத்தாலும் எடுத்து மூக்கிலும் முகத்திலும் அடிக்க வேண்டும்.

எச்சரிக்கை அரை நிமிடத்துக்கு முன்னால்தான் வரும் என்பதும் இல்லை. சில சமயம் வாரக்கணக்கில் வரும். ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் சங்கெபெட்சு என்ற சிறு குடியேற்றம். 1915 நவம்பரிலேயே ஒரு பழுப்புக் கரடி காயப்போட்டிருந்த சோளத்துக்கு வர ஆரம்பித்துவிட்டது. சுட்டார்கள், காயத்தோடு தப்பிவிட்டது. டிசம்பர் 9 அன்று ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு பெண்ணையும் ஒரு சிறுவனையும் கொன்று, பெண்ணின் உடலைக் காட்டுக்கு இழுத்துப்போய்ப் பனியில் புதைத்து வைத்தது. மறுநாள் தேடிப் போனவர்கள் உடலை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிரவு துக்கத்துக்கு ஆட்கள் கூடியிருந்தபோது கரடி அதே வீட்டுக்குள் வந்தது. கரடி கணக்கில் அது அதனுடைய சாப்பாடு, யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து விரட்டினால், பெண்களும் குழந்தைகளும் பாதுகாப்புக்காகக் கூடியிருந்த பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. மொத்தம் ஏழு பேர். 14-ஆம் தேதிதான் சுட்டுக் கொன்றார்கள், 340 கிலோ எடை, 2.7 மீட்டர் நீளம்.

அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவிலும் அப்படித்தான். 1967 ஆகஸ்ட் 13, ஒரே இரவில், சில மணி நேர இடைவெளியில், மைல்கணக்கில் தள்ளியிருந்த இரண்டு முகாம்களில் இரண்டு வேறு வேறு கிரிஸ்லிகள் இரண்டு பெண்களைக் கொன்றன. இருவருக்கும் 19 வயது. 1910-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் கரடி கொன்ற முதல் மனிதர்கள் அவர்கள்தான். ஒரு முகாமுக்குப் பக்கத்து விடுதியில் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டி, கரடி வந்து தின்பதை விருந்தினர்களுக்குக் காட்சியாகவே காட்டிக்கொண்டிருந்தார்கள்! இன்னொரு ஏரிக்கரையில் அந்தக் கோடை முழுக்க ஒரு கரடி முகாம்களில் புகுந்து ஆட்களை மிரட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அது வேறு என்ன சொல்லிவிட முடியும்?

உப்புக்காற்று:

கடல் ஆள் ஒருத்தராவது வேண்டாமா. சுறாவிடம் முன்னறிவிப்பு எதிர்பார்க்காதீர்கள், பெரிய வெள்ளைச் சுறா கீழேயிருந்தும் பின்னாலிருந்தும்தான் வரும். ராட்னி ஃபாக்ஸ் 1963-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஈட்டி மீன்பிடிப் போட்டியில் ஒரு மீனைக் குறிவைத்துக்கொண்டிருந்தபோது மார்போடு சேர்த்துக் கவ்வியது. கண்ணைக் குத்தப் போனவரின் கை அதன் வாய்க்குள்ளேயே போய்விட்டது. எப்படியோ மேலே வந்து மூச்சு வாங்கினால், இடுப்பில் கட்டியிருந்த மீன் மிதவையை அது கவ்வி மறுபடியும் அடியில் இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை கயிறு அறுந்தது. 450-க்கும் மேல் தையல். போட்டிருந்த ரப்பர் உடையை யாரும் அவசரப்பட்டுக் கழற்றாததால்தான் உள்ளே இருந்ததெல்லாம் உள்ளேயே இருந்தது. அந்த மனிதர் பிறகு என்ன செய்தார் தெரியுமா, சுறாவைப் பக்கத்தில் பார்ப்பதற்கென்றே கூண்டு செய்து மறுபடியும் கடலுக்குள் இறங்கினார்.

சுறா கடித்தவர்களைக் கொல்வது முக்கியமாக ரத்த இழப்பு. 2003-இல் ஹவாயில் 13 வயது பெத்தனி ஹாமில்டனின் இடது கையைப் புலிச்சுறா கொண்டுபோனபோது, கூட வந்த தோழியின் அப்பா அலைச்சறுக்குப் பலகையின் கயிற்றை எடுத்துத் தோளோரம் இறுக்கிக் கட்டினார். உடம்பில் பாதிக்கு மேல் ரத்தம் போயும் அந்தப் பெண் பிழைத்தாள், ஒரு மாதத்துக்குள் மறுபடி அலையேறினாள். கடலுக்குப் போகிறவர்கள் கட்டுப் போடக் கற்றுக்கொண்டு போங்கள், சுறாவின் மனசை அப்புறம் படிக்கலாம்.

காட்டுவழி:

சரி, முதலைக்கும் சுறாவுக்கும் தலை வணங்குகிறேன். நம்மை இரையாகப் பார்க்கிற மிருகம் சொல்லிவிட்டு வராது. ஆனால் அப்படிப் பார்க்க வைப்பது எது என்பதற்குச் சில சமயம் வாய்க்குள்ளேயே பதில் இருக்கிறது. 1898-இல் கென்யாவின் சாவோ ஆற்றுப் பாலத் தொழிலாளர்களை மாதக்கணக்கில் முள்வேலியைத் தாண்டி வந்து இழுத்துப்போன இரண்டு பிடரி மயிரில்லாத ஆண் சிங்கங்களில் ஒன்றுக்குக் கீழ்க் கோரைப்பல் உடைந்து வேரில் சீழ் பிடித்திருந்தது. அவற்றைச் சுட்ட பாட்டர்சன் பின்னாளில் 135 பேர் என்று எழுதினார், எலும்பையும் முடியையும் சோதித்த ஆய்வு 35 பேர் அளவில்தான் இருக்கும் என்கிறது. அதிலும் பல் கெட்டதுதான் அதிக மனிதர்களைத் தின்றது. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1907-இல் வட இந்தியாவில் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கும் பழைய துப்பாக்கிக் காயத்தில் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன, அதன் கணக்கில் எழுதப்பட்டவர்கள் 436.

கேள்விக்குறி:

கடைசியாக ஒன்று, கரடிக்கு அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை வியாபாரமா?

இரவாடி:

செய்யும். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடியை நூற்றுக்கு 92 தடவை அது நிறுத்தியிருக்கிறது. மிச்ச எட்டும் இருக்கிறது, மறக்க வேண்டாம்: 2016-இல் மொன்டானாவில் ஒருவர் ஸ்ப்ரே அடித்தும் குட்டிகளோடு இருந்த கிரிஸ்லி அவரைக் கடித்தது, விட்டுப்போய் சில நிமிடங்களில் திரும்பி வந்து மறுபடியும் கடித்தது. பைக்குள் போட்டு வைத்தால் பிரயோஜனம் இல்லை, இடுப்பில் இருக்க வேண்டும். காற்று நம் பக்கம் அடித்தால் நம் கண்தான் எரியும். அப்புறம், சிலர் இதைக் கொசு மருந்து மாதிரி கூடாரத்தின் மேலேயே அடித்துவைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், காய்ந்த மிளகாய் வாசனை பிடித்துப்போய்க் கரடி தேடி வந்து அதிலேயே புரளும்.