பி0401: இஜிஆர் வால்வைக் கழுவியும் லைட் திரும்ப வருகிறது

ஸ்பேனர்12:
1248 சிசி டீசல், 2014 மாடல், 1.1 லட்சம் கிமீ. டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) இல்லை. செக் என்ஜின் லைட், ஸ்கேனரில் பி0401 (என்ஜினுக்குத் திரும்பும் புகை போதவில்லை) என்ற பிழைக் கோடு. வெளியேறும் புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வைக் கழற்றி கார்ப் கிளீனரில் கழுவி, புது கேஸ்கெட்டோடு மாட்டியாச்சு. 150 கிமீக்குள் அதே கோடு. மூன்றாம் கியரில் மிதித்தால் கரும்புகை, பிக்கப்பும் மந்தம். வால்வையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

கரிப்பூனை:
பொறுங்க, இப்பவே வாங்காதீங்க. திரும்பும் புகையை அளக்க இந்த மாதிரி டீசலில் தனி சென்சார் கிடையாது. ஏர் ஃபில்டரை ஒட்டியிருக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் காற்று எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத்தான் ஈசியு (என்ஜினை இயக்கும் கணினி) கணக்குப் போடுகிறது. போதுமான அளவு குறையாவிட்டால் பி0401.

வால்வு திறந்தபடி சிக்கினால் கரும்புகை வரும். ஆனால் அதற்குரிய கோடு பி0402 (திரும்பும் புகை அதிகம்). மூடியபடி சிக்கினால் பி0401 வரும், பிக்கப் குறையாது. உங்களுக்கு இரண்டும் கலந்து வருவதுதான் இடிக்குது. டர்போ-இன்டர்கூலர் ஹோஸில் லீக் என்றால் பொருந்தும்: அளந்த காற்று வழியிலேயே ஓடிப்போகும், ஈசியு அதற்கும் சேர்த்து டீசல் அடிக்கும்.

முதலில் வால்வைச் சந்தேகத்திலிருந்து விலக்குங்க. கூலன்ட் 80 டிகிரி தாண்டியதும் ஐடிலில் விட்டு, ஸ்கேனர் ஆக்சுவேட்டர் டெஸ்ட்டில் வால்வைத் திறந்து மூடுங்க. உங்க சிலிண்டர் 312 சிசி. மூடியபோது ஸ்ட்ரோக்குக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காற்று காட்டணும், திறந்தால் 200 பக்கம் இறங்கணும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். 10, 20 மட்டும் இறங்கினால் வால்வு அசையவில்லை, இல்லாட்டி அந்தப் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் பைப்பிலோ மேனிஃபோல்டு வாயிலோ கரி அடைத்திருக்கு. ஆக்சுவேட்டர் டெஸ்ட் இல்லாத ஸ்கேனரா? ஐடிலிலேயே பாருங்க. ஆனா சில நிமிஷம் ஐடிலில் நின்றால் பல ஈசியுக்கள் தானே வால்வை மூடிவிடும். 2500 ஆர்பிஎம் வரை ஒருமுறை மிதித்துவிட்டால் திரும்பத் திறக்கும்.

மலைப்பாதை:
எதுக்கு இவ்வளவு? தகடு வெட்டி அடைச்சிடுங்க, வேலை முடிஞ்சது.

கரிப்பூனை:
அடைத்தால் காற்று குறையவே குறையாது, பி0401 நிரந்தரமாகிடும். புகையில் நாக்ஸும் (நைட்ரஜன் ஆக்சைடு மாசு) ஏறும். பிழைக் கோடு போகணும் என்று வந்தவருக்கு அந்தக் கோடையே பரிசாகக் கொடுக்கிற வைத்தியம் இது.

போல்ட்நட்:
ஹோஸ் லீக்கைத் தேட ஐடிலில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பிரயோஜனமில்லை, அப்போ பூஸ்ட்டே (டர்போ தரும் காற்றழுத்தம்) இருக்காது. டர்போவுக்குள் காற்று நுழையும் குழாயை அடைத்து, வெளியிலிருந்து 0.5 பார் ஏற்றிட்டு அடிங்க. கிராங்க்கேஸிலிருந்து வரும் பிரீதர் ஹோஸையும் மறக்காம அடைக்கணும். இல்லாட்டி காற்று கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிடும். கூலன்ட் குறையுதா என்றும் பாருங்க. வெளியே சொட்டாமல் குறைந்தால் இஜிஆர் கூலர் மேல் சந்தேகம்.

ஸ்பேனர்12:
மூடியபோது 324, திறந்தபோது 211. கூலன்ட் குறையவில்லை. இன்டர்கூலர் கீழ் ஹோஸில், கிளாம்புக்கு ஒட்டி அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சுற்றிலும் ஆயில் பிசுக்கு. டேப் சுற்றி ஓட்டலாமா?

போல்ட்நட்:
டேப் நிற்காது, பூஸ்ட் ஏறினால் பிய்த்துக்கொண்டு போயிடும். ஹோஸையும் கிளாம்பையும் சேர்த்து மாற்றுங்க. மாட்டும் முன் குழாய் வாயில் ஆயிலைச் சுத்தமாகத் துடைக்கணும், ஈரத்தில் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். அப்புறம் ஸ்கேனரில் பிழைக் கோடை அழித்து ஓட்டிப் பாருங்க. கரும்புகை நின்று கோடு மட்டும் வந்தால், அடுத்து ஏர்ஃப்ளோ சென்சார்.