பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி, எந்த ஆம்ப்ளிஃபையர்? ஆலோசனை தேவை

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 34 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) கொண்ட நான்கு கம்பி பேஸ் கிட்டார் ஒன்று இருக்கிறது. அதில் நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டையான இழை சுற்றிய) கம்பிகளைப் போட்டிருக்கிறேன். மாட்டிய புதிதில் கணீரென்று ஒலித்தவை, விரல் வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்கில் படிந்து சில மாதங்களிலேயே மங்கிவிட்டன. விரலை நகர்த்தும்போது எழும் 'கீச்' என்ற உராய்வொலி மட்டும் குறையவில்லை. மெதுவான பாடல்களில் அது மிகவும் உறுத்துகிறது.

ஆகவே, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் (தட்டையான இழை சுற்றிய) கம்பிகளுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் அவற்றிலிருந்து எழுப்பிய உருண்டு திரண்ட நாதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அவை பொதுவாகக் கூடுதல் இழுவிசை உடையவை என்பதால், கழுத்தின் வளைவை ட்ரஸ் ராடு (கழுத்தினுள் உள்ள உலோகத் தண்டு) கொண்டு மறுபடியும் சரிசெய்ய வேண்டியிருந்ததா, கம்பியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் முறையைக் கைவிட நேர்ந்ததா என்று, ஏற்கெனவே மாறியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஆம்ப்ளிஃபையர்தான் பெரிய குழப்பம். 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட என் 15 வாட் ஆம்ப் தனிப் பயிற்சிக்குப் போதும். டிரம்ஸுடன் வாசிக்கும்போது ஒலியைக் கூட்டினாலோ, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஈ கம்பியைத் தொட்ட மாத்திரத்தில் பெட்டி கரகரக்கிறது. பேஸ் குமிழைத் திருகத் திருகக் கரகரப்புதான் கூடுகிறதே தவிர, கனம் வருவதில்லை. 100 வாட்டில் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் போதுமா, அல்லது இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் 300 வாட் தேவையா? நானே தூக்கிச் செல்ல வேண்டியிருப்பதால் எடையும் முக்கியம். கம்பி, ஆம்ப் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாது. முதலில் எதை மாற்றுவது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.