புதிதாகப் போட்ட பேஸ்போர்டு ஹீட்டரில் பாதி கொதிக்கிறது, பாதி ஜில்லென்று கிடக்கிறது. உதவி தேவை

எடிசன்வாசி:
நியூ ஜெர்சியில் பழைய வீடு. பேஸ்மென்டில் கேஸ் பாய்லர், வீடு முழுக்கச் சுவரின் அடியோரம் சுடுதண்ணீர் ஓடிச் சூடு தரும் பேஸ்போர்டு. பின்பக்கம் திறந்து கிடந்த தாழ்வாரத்தை அறையாக அடைத்துவிட்டு, தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் அதற்குத் தனி ஜோன் (பாய்லரிலிருந்து தனியாகப் போய்த் திரும்பும் குழாய்ச் சுற்று) ஒன்றை நானே இழுத்தேன். (பெர்மிட் எடுத்துத்தான். திட்ட வேண்டாம்.) முக்கால் அங்குலச் செம்புக் குழாய். தோட்டக் கதவுக்கு இந்தப் பக்கம் 8 அடி, அந்தப் பக்கம் 6 அடி பேஸ்போர்டு.

8 அடித் துண்டில் கை வைக்க முடியவில்லை. 6 அடித் துண்டு பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. நடுவில் எங்கேயோ பானையைக் கவிழ்த்தது போல 'குளக் குளக்' என்று சத்தம். பாய்லர் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. மற்ற இரண்டு ஜோனும் நன்றாக ஓடுகின்றன. மாமியார் ஊரிலிருந்து வர இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

கோவை2பாஸ்டன்:
பாய்லர் சூட்டை 180-லிருந்து 200-க்கு ஏற்றிப் பாருங்கள். கடைசித் துண்டு வரைக்கும் சூடு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

பைப்படி:
வேண்டாம். 180 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீர் சரியாக ஓடினால் இந்த வகை பேஸ்போர்டு அடிக்கு மணிக்குச் சுமார் 550 முதல் 600 பி.டி.யூ. (வெப்ப அளவு) வரை கொடுக்கும். 14 அடிக்கு 8,000 பி.டி.யூ. பக்கம். முக்கால் அங்குலக் குழாய் அதைப்போல நாலைந்து மடங்கைச் சுமக்கும். சூட்டில் குறை இல்லை, தண்ணீர் நகரவில்லை.

தம்பி, ஒரு கேள்வி. தரை கான்கிரீட்தானே? அப்படியென்றால் கதவை எப்படித் தாண்டினீர்கள்?

எடிசன்வாசி:
ஆமாம் அண்ணா, கான்கிரீட். கீழே போக வழியில்லை. அதனால் சுவருக்குள் மேலே ஏற்றி, கதவு நிலைக்கு மேலாகக் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கினேன்.

பைப்படி:
அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கதவுக்கு மேல் அந்த வளைவில் காற்று உட்கார்ந்துவிட்டது. காற்றை மேலே ஏற்றுவது சுலபம், கீழே இறக்குவதுதான் பாடு. நொடிக்கு 2 அடி வேகமாவது இருந்தால்தான் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு இறங்கும். முக்கால் அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்கு 3 கேலனுக்குக் கொஞ்சம் மேல். காற்று அடைத்த குழாயில் உங்கள் பம்பு அதைச் செய்யாது. பாய்லர் அடியில் பக்கெட் பிடித்ததில் பாய்லர் தண்ணீர்தான் வந்திருக்கும், அந்த ஜோனில் ஒரு சொட்டு அசைந்திருக்காது.

புது ஜோனிலிருந்து தண்ணீர் பாய்லருக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் ஒரு பால் வால்வும் (ball valve, குழாயை அடைக்கும் வால்வு), அதற்குச் சற்று முன்னால் ஹோஸ் மாட்டும் குழாயும் வைத்தீர்களா?

எடிசன்வாசி:
வைத்தேன். கடைக்காரர் வற்புறுத்தினார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

பைப்படி:
அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். பாய்லரை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். மற்ற இரண்டு ஜோனையும் மூடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் சுலபமான வழியில் ஓடிவிடும். புது ஜோனின் வால்வைக் கையால் திறந்து வையுங்கள். ரிட்டர்ன் பால் வால்வை மூடி, ஹோஸின் மறுமுனையைப் பக்கெட் தண்ணீருக்குள் முக்கி, குழாயைத் திறங்கள். அப்புறம் தண்ணீர் நிரப்பும் வால்வின் மேலிருக்கும் சின்ன லீவரைத் தூக்கிப் பிடியுங்கள். கண் பிரஷர் கேஜில் இருக்கட்டும். 25 பி.எஸ்.ஐ. (பிரஷர் அளவு) தாண்ட விடாதீர்கள், 30-ல் ரிலீஃப் வால்வு திறந்து தரையெல்லாம் குளமாகும். குமிழி நின்று ஒரு நிமிடம் கழித்து, முதலில் லீவரை விடுங்கள், பிறகு ஹோஸ் குழாயை மூடுங்கள். மாற்றிச் செய்தால் பிரஷர் எகிறும். கடைசியில் கேஜ் 12-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

எடிசன்வாசி:
செய்தேன்! முதலில் ஒன்றுமில்லை. திடீரென்று பக்கெட் சோடா பாட்டில் மாதிரிப் பொங்கியது. அதன்பின் கறுப்புத் தண்ணீர், அதன்பின் தெளிவு. 6 அடித் துண்டும் சுடுகிறது.

எடிசன்வாசி (நாலு நாள் கழித்து):
மறுபடியும் லேசாகக் குளக் குளக். சூடும் குறைகிறது.

பைப்படி:
எதிர்பார்த்ததுதான். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூடானதும் பிரிந்து, அதே மேட்டில் போய்ச் சேர்கிறது. வளைவின் உச்சியில் காசு வைத்துத் திருகிக் காற்றை வெளியே விடுகிற வென்ட் ஒன்று வைத்து, கை போகிற அளவுக்குச் சுவரில் சின்னக் கதவு விடுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பம்பை நிறுத்திவிட்டுத் திறங்கள். தண்ணீர் பீச்சியதும் மூடிவிட வேண்டும். அடிக்கடி புதுத் தண்ணீர் ஏற்றாதீர்கள், வார்ப்பிரும்பு பாய்லருக்கு அதுதான் துரு.

எடிசன்வாசி:
வென்ட் வைத்தாயிற்று, பத்து நாளாகச் சத்தமில்லை. ஆனால் ஹீட்டர் கிளம்பும்போது சுவருக்குள் 'டிக் டிக்' என்று கேட்கிறது. மாமியார் பல்லி என்கிறார்.

பைப்படி:
20 அடிச் செம்புக் குழாய் அறைச் சூட்டிலிருந்து 180-க்குப் போனால் கால் அங்குலம் நீளும். குழாய் நுழைய மரத்தில் ஓட்டை எவ்வளவு அகலம் போட்டீர்கள்?

எடிசன்வாசி:
7/8 அங்குலம். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

பைப்படி:
குழாயின் வெளிவிட்டமே 7/8 தானே! மரத்தில் உரசுகிற இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பிளாஸ்டிக் பால் கேனை வெட்டி ஒரு துண்டை நடுவில் செருகிவிடுங்கள்.