சுமைதாங்கியின் மேல் கை வைத்த பாட்டி

பழைய சின்னங்களைத் துப்புரவு செய்த அனுபவம் என்றால் கோட்டைகளையும் நடுகற்களையும் பற்றித்தான் பலரும் எழுதுகிறார்கள். நான் சொல்லப்போவது எந்த அரசரும் நிறுத்தாத ஒரு கல்லைப் பற்றி. தமிழக-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை அருகே சாலையோரப் புதருக்குள் மறைந்து கிடந்த சுமைதாங்கி அது; தலைச்சுமையோடு நடப்பவர்கள் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறும் கல். இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு கல், அவ்வளவுதான். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போனால் சுமடுதாங்கி என்பார்கள். அத்தாணி என்ற பெயரும் உண்டு. கேரளத்தில் சில ஊர்களுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் போனோம். நண்பர் ஒருவர் கம்பி பிரஷும் ஆசிடும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பைக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். கல்லில் எழுத்து இருந்தால் அதன் விளிம்பைக் கம்பி தின்றுவிடும். ஒடிந்த இழை கல்லில் துருக்கறையாக நின்றுவிடும். தண்ணீர், தேங்காய் நார், மூங்கில் சீவல் போதும். கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் கோடு கோடாகப் படிந்துவிடும். பாசி ஊறும்வரை பொறுத்திருப்பதுதான் பெரிய வேலை.

அப்படிப் பொறுத்திருந்தபோதுதான் அந்தப் பாட்டி வந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். “கல்லைக் குளிப்பாட்டுகிறீர்களா மக்களே?” என்று கேட்டு, ஈரக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். இளம் வயதில் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி)த் தலையில் சுமந்து மார்த்தாண்டம் சந்தைக்கு நடந்தவராம். “சுமையை இறக்க ஒரு ஆள் வேண்டும், திரும்ப ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். தனியாக வருகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்? இந்தக் கல்தான் இருந்தது.” முழங்காலைச் சற்றே மடக்கி, சும்மாட்டோடு கூடையைக் கல்லுக்கு நகர்த்தும் விதத்தை வெறுங்கையால் செய்து காட்டினார். அந்தக் கல் ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்ச் சேர்ந்த பெண்ணுக்கு வைத்த கல். மேலே செருப்பை வைத்துவிடாதீர்கள்.” கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நிறுத்தும் வழக்கம் நம் பக்கத்தில் இருந்தது. படித்துத் தெரிந்திருந்தேன், அவர் வாயால் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

மாலை வெயில் சாய்ந்ததும் குறுக்குக் கல்லில் எழுத்துகள் தெரிந்தன. தயவுசெய்து மாவோ சாக்பீஸோ தேய்த்துப் படிக்காதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே போதும். ‘கொல்லம்’ என்ற சொல் தெளிவாக இருந்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடும் அதன் பின்வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த மண் ஆயிற்றே, அன்று இங்கே காலக்கணக்கு மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டில்தான். மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆனால் எண்ணும் அடுத்த வரியும் யாரோ விளம்பரத்துக்கு அடித்த எனாமல் பெயிண்டுக்குள் இருக்கின்றன. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். தொடவில்லை. அளவெடுத்து, படமெடுத்து, தொல்லியல் துறைக்கு எழுதியிருக்கிறோம்.

கிளம்பும்போது பாட்டி, “அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறதா?” என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். தெரிந்ததும் வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லி, வழியையும் காட்டிவிட்டுப் போனார்.